சான்றுரையும் போர்வீரனும்: ஆல்பர்ட் ஜாக்கா (1893–1932)

உயரிய வீரப்பதக்கம் ஒன்றைப் பேரரசு வழங்கும்போது அதற்குரிய காரணத்தைச் சில வரிகளில் லண்டன் அரசிதழில் வெளியிடுவது பிரித்தானிய மரபு. இப்பத்தியை இங்குச் சான்றுரை எனலாம். அது வரலாறு எழுதும் நோக்கில் எழுதப்படுவதன்று. நேரில் கண்ட அலுவலரின் பரிந்துரை பிரிகேடு, டிவிஷன், கோர் எனப் பல படிகளைக் கடந்து மேலே செல்கிறது. ஒவ்வொரு படியிலும் சில சொற்கள் நீக்கப்படுகின்றன, சில சேர்கின்றன. இறுதியில் எஞ்சுவது எழுதியவர் பெயரற்ற, தன்மையிடமற்ற ஓர் உரை. எனினும் பிற்காலத்தார் ஒரு வீரனைப் பற்றி அறிவதில் பெரும்பகுதி அவ்வுரையிலிருந்தே பெறப்படுகிறது. பிறமொழிகளுக்குச் செல்வதும் பெரும்பாலும் அதுவே.

முதல் உலகப்போரில் ஆஸ்திரேலியப் படைக்குக் கிடைத்த முதல் விக்டோரியா கிராஸ் பதக்கத்தைப் பெற்ற ஆல்பர்ட் ஜாக்காவின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. அவருக்கு மூன்று விருதுகள் கிடைத்தன; மூன்றுக்கும் மூன்று சான்றுரைகள் உள்ளன. அவற்றை அவருடைய நாட்குறிப்போடும் போர் வரலாறுகளோடும் ஒப்பிட்டு நோக்கினால், ஒன்று நடந்ததைவிடக் கூடுதலாகவும் மற்றவை நடந்ததைவிட மிகக் குறைவாகவும் கூறுவது புலனாகும்.

இளமையும் படைச்சேர்க்கையும்

ஜாக்கா 1893 ஜனவரி 10 அன்று விக்டோரியா மாநிலத்தின் வின்செல்சி நகருக்கு அருகிலுள்ள லேயார்டு என்னுமிடத்தில் பிறந்தார். தந்தை நத்தானியேல் ஒரு கூலித் தொழிலாளி. ஆல்பர்ட் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் வெட்டர்பர்ன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. தொடக்கக் கல்வியோடு படிப்பு முடிந்தது. முதலில் தந்தையுடன் வண்டியில் பாரம் ஏற்றும் தொழிலும், பின்னர் மாநில வனத்துறையில் வேலி அமைத்தல், மரம் நடுதல் போன்ற பணிகளும் அவருக்கு வாய்த்தன. குத்துச்சண்டையிலும் மிதிவண்டிப் பந்தயத்திலும் ஈடுபாடு உண்டு. பேச்சு குறைவு; பேசினால் நேர்ப்பேச்சு. பிற்காலத்தில் அவரது பதவி உயர்வைப் பாதித்ததாகத் தோழர்கள் கருதிய குணம் இதுவே.

போர் மூண்டதும் 1914 செப்டம்பரில் படையில் சேர்ந்தார். அவர் சேர்ந்த 14ஆம் பட்டாலியன், ஜான் மொனாஷ் தலைமையிலான 4ஆம் பிரிகேடைச் சார்ந்தது. டிசம்பர் 22 அன்று மெல்போர்னிலிருந்து கப்பலேறிய அப்படை, எகிப்தில் பயிற்சி பெற்று, 1915 ஏப்ரல் 26 அன்று கலிபொலியில் இறங்கியது.

கலிபொலிக் கரையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர் பிடித்திருந்த நிலப்பகுதி மிகக் குறுகியது. மலைமுகட்டில் இருதரப்பு அகழிகளும் சில இடங்களில் ஒரு கல்லெறி தூரத்தில் எதிரெதிரே அமைந்திருந்தன. அம்முகட்டின் ஒரு பகுதி, 14ஆம் பட்டாலியனின் தலைவர் ரிச்சர்டு கோர்ட்னியின் பெயரால் கோர்ட்னி நிலை எனப்பட்டது. அதன் பின்புறம் செங்குத்தான சரிவு. அங்கே அகழியை இழந்தால் பின்வாங்க இடமில்லை.

மே 19: ஒரு நிகழ்ச்சி, இரு பனுவல்கள்

1915 மே 19 அன்று விடியுமுன், ஏறத்தாழ 3 மணியளவில், ஒட்டோமான் படை முழு முனையிலும் தாக்குதல் தொடங்கியது. தாக்கியோர் ஏறத்தாழ 42,000 பேர். நண்பகலுக்குள் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ஒட்டோமான் தரப்பில் ஏறக்குறைய 10,000 பேர் வீழ்ந்தனர். அவர்களுள் இறந்தோர் 3,000 பேர். மறுதரப்பில் இறந்தோர் சுமார் 160 பேர். இடைவெளியில் கிடந்த உடல்களைப் புதைப்பதற்காக மே 24 அன்று சில மணிநேரம் போர்நிறுத்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. இவ்வெண்ணிக்கைகளை மனத்திற்கொண்டே ஜாக்காவின் அகழியில் நடந்ததை அணுக வேண்டும்.

கோர்ட்னி நிலையில் அன்று அதிகாலை 4 மணியளவில் கையெறிகுண்டுகளை வீசிக்கொண்டு ஒரு குழு ஆஸ்திரேலிய அகழிக்குள் புகுந்து, சுமார் 12 கஜ நீளத்தைப் பிடித்துக்கொண்டது. எதிர்த்து நின்ற லெப்டினண்ட் ஹாமில்டன் சுட்டுக் கொல்லப்பட்டார். அகழியின் ஒரு வளைவில் லான்ஸ் கார்ப்பரல் ஜாக்கா மட்டும் நின்று, எதிரிகள் அப்பக்கம் பரவாதபடி சுட்டுக்கொண்டிருந்தார். லெப்டினண்ட் கிராப் இணைப்பு அகழி வழியாக அருகில் வந்து, துணைக்கு ஆள் கொடுத்தால் பாய முடியுமா எனக் கேட்டார். இரண்டு மூன்று பேர் போதும் என்பது ஜாக்காவின் விடை. ஆட்கள் வந்தனர். முதல் பாய்ச்சல் தோற்றது. உடன் வந்தவர்களுள் இருவர் காயமுற்றனர். அதன்பின் வேறொரு திட்டம் வகுக்கப்பட்டது. ஒரு முனையில் மற்றவர்கள் குண்டெறிந்தும் சுட்டும் எதிரிகளின் கவனத்தை ஈர்த்துவைக்க, ஜாக்கா பின்புறமாகச் சுற்றிச் சென்று, இருதரப்புக்கும் இடைப்பட்ட வெட்டவெளியில் ஏறி, எதிர்பாராத பக்கத்திலிருந்து அகழிக்குள் குதித்தார். ஐவரைச் சுட்டார், இருவரைத் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தினார். விடியும் வரை அவ்விடத்தைக் காத்து நின்றார்.

இனிச் சான்றுரைக்கு வரலாம். ஆங்கிலத்தில் அது எண்பது சொற்களுக்குள் அடங்கும். அதன் சாரம் வருமாறு: மே 19–20 இரவில், கோர்ட்னி நிலையில், நான்கு பேருடன் நமது அகழியின் ஒரு பகுதியைக் காத்துவந்த ஜாக்கா கடுமையாகத் தாக்கப்பட்டார், அவரைத் தவிர அனைவரும் கொல்லப்பட்டோ காயமுற்றோ போனதும் ஏழு துருக்கியர் அகழியைக் கைப்பற்றினர், அவர் உடனே தனியொருவராக அவர்களைத் தாக்கி, ஐவரைத் துப்பாக்கியாலும் இருவரைக் கத்தியாலும் கொன்று, அக்குழு முழுவதையும் அழித்தார்.

இவ்வுரையின் முதல் இடர் அதன் நாள். தாக்குதல் நடந்தது மே 19 விடியற்காலையில். அதற்கு முந்தியது 18–19 இரவு. மே 19–20 இரவு என்பது தாக்குதல் முறியடிக்கப்பட்டு அடங்கிய பின்னர் வந்த இரவு. அலுவலக மேசைகளைக் கடந்துவந்த தாளில் ஒரு நாள் பிசகியது வியப்பன்று. ஆனால் அரசிதழில் ஏறிய நாள் சான்றாகிவிடுகிறது. சான்றுரையைப் பெயர்த்தெழுதிய பல குறிப்புகளில் அப்பிசகும் உடன் பயணம் செய்கிறது. மொழிபெயர்ப்பாளர் இதைத் திருத்தலாமா? சான்றுரையைச் சான்றுரையாகப் பெயர்ப்பவர் திருத்துதல் கூடாது. அது ஆவணத்தை மாற்றுவதாகும். ஆனால் அதைச் செய்தியாக எடுத்தாள்பவர் திருத்தாமல் விடுதலும் கூடாது. இவ்விரு பணிகளையும் பிரித்தறியாமையே பல வாழ்க்கைக் குறிப்புகளின் குறை.

இரண்டாவது, உடனே என்னும் சொல். இடையில் நிகழ்ந்த உரையாடல், ஆள்சேர்ப்பு, தோல்வியுற்ற முதல் முயற்சி, சுற்றுவழிப் பயணம் ஆகியவை அனைத்தும் இவ்வொரு சொல்லுக்குள் மறைந்துவிட்டன. இந்த இடைவெளியில்தான் ஜாக்காவின் சிறப்பே இருக்கிறது என்பது கருதத்தக்கது. வெறிகொண்டு பாய்ந்தவர் அல்லர் அவர். ஒருமுறை பாய்ந்து தோற்று, அதன்பின் திட்டத்தோடு மீண்டும் சென்றவர். சான்றுரை மரபு விரைவை வீரமாகக் கொள்கிறது. பொறுமையை வீரமாகக் காட்ட அதனிடம் சொல் இல்லை.

மூன்றாவது, தனியொருவராக என்னும் அடை. அகழிக்குள் குதித்தபோது அவர் தனியர் என்பது உண்மை. ஆனால் மறுமுனையில் குண்டெறிந்தவர்கள் இல்லையெனில் அக்குதிப்பு நிகழ்ந்திராது. ஜாக்காவின் நாட்குறிப்பு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. போரின்போது அவர் எழுதிய அக்குறிப்புகள் மிகச் சுருக்கமானவை, தந்திமொழி போன்றவை. அன்றைய பதிவில், தாம் ஒரு சிறு பிரிவை வழிநடத்திச் சென்று அகழியை மீட்டதாக அவரே எழுதுகிறார். ஐவரைச் சுட்டது, இருவரைக் குத்தியது ஆகிய இரு எண்களும் சான்றுரையோடு ஒத்துப்போகின்றன. ஆனால் அவற்றோடு மூன்றாவது எண் ஒன்றும் உண்டு: மூவரைச் சிறைப்பிடித்ததாகவும் அவர் குறிக்கிறார். பின்னர்க் கால் மணிநேரம் தனியே நின்று அகழியைக் காத்ததையும், தம்மைப் பரிந்துரைக்கப்போவதாகக் கிராப் சொன்னதையும் எழுதி முடிக்கிறார். தனிமை என்பது அவர் பதிவில் காத்து நின்றதற்கு உரியது. சான்றுரையில் அது தாக்குதலுக்கு உரியதாக இடம்பெயர்ந்துவிட்டது.

சிறைப்பட்ட மூவர் சான்றுரையில் இல்லை. குழு முழுவதையும் அழித்தார் என்னும் தொடர் அமைய வேண்டுமெனில் எவரும் உயிரோடு எஞ்சக் கூடாது. ஏழு எதிரிகள், ஏழு சாவுகள் என்ற கணக்கு முழுமையானது; அதனால் நினைவில் நிற்பது. சரணடைந்தவர்களை உயிரோடு விட்டதும் ஒரு செயல்தான். விருதுக்கு வேண்டாதது என்பதால் அது விடுபட்டது.

சொற்கள் சில

மொழி நோக்கில் இப்பத்தியில் மேலும் சில இடங்கள் தயங்கவைப்பன. நமது அகழி என மேலே தரப்பட்ட தொடரின் ஆங்கில மூலச்சொல், கேட்போரை உட்படுத்துவதா விலக்குவதா எனக் காட்டாதது. தமிழில் பெயர்ப்பவர் நமது, எங்களது என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அரசிதழ் பேரரசின் குடிகள் அனைவரையும் நோக்கிப் பேசுவது. 1915இல் அக்குடிகளுள் இந்தியரும் அடங்குவர். கலிபொலியின் அதே கரையில் ஆஸ்திரேலியருக்குத் துணையாகக் கோகாட், ஜேக்கப் என்னும் பெயர்களைக் கொண்ட இந்திய மலைப் பீரங்கிப் படைகள் நின்றன. ஆகஸ்டுத் தாக்குதலில் ஜாக்காவின் 4ஆம் பிரிகேடுக்கு அருகிலேயே 29ஆம் இந்தியப் பிரிகேடும் போரிட்டது. ஆகவே நமது என்பதற்கு ஆவண நோக்கில் நியாயம் உண்டு. இன்றைய தமிழ் வாசகர் அந்த நம்முள் தம்மைக் காண்பாரா என்பது வேறு வினா. ஆஸ்திரேலிய அகழி எனப் பெயர்த்துவிட்டால் இச்சிக்கல் தீரும். ஆனால் மூலத்தின் அரசியலும் அதனுடன் மறைந்துவிடும்.

துருக்கியர் என்பதும் அத்தகையதே. எதிரே நின்றது ஒட்டோமான் பேரரசின் படை. அதில் அராபியரும் பிறரும் இருந்தனர். ஆங்கிலப் படைவழக்கு அனைவரையும் ஒரே பெயரால் அழைத்தது. அகழியில் இறந்த அந்த ஏழுவரின் பெயர்கள் சான்றுரையில் இல்லை; அவர்கள் எண்ணாக மட்டுமே அதில் இடம்பெற்றனர்.

அகழி, பதுங்குகுழி ஆகிய சொற்களையும் வேறுபடுத்த வேண்டும். நாளிதழ்த் தமிழில் இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குகின்றன. ஈழத்து வழக்கில் பதுங்குகுழி என்பது பெரும்பாலும் மேல்மூடி உள்ள காப்பிடத்தைக் குறிக்கும். அப்பொருளிலேயே அதை ஆள்வது தெளிவு தரும். கோர்ட்னி நிலையில் ஜாக்கா இருந்தது திறந்த அகழியில். ஓராண்டுக்குப் பின் பிரான்சில் அவர் இருந்தது நிலத்தடிப் பதுங்குகுழியில். இவ்வேறுபாட்டை விட்டுவிட்டால் அந்த இரண்டாம் நிகழ்ச்சி விளங்காது.

கிராப் அகழிக்குள் வந்தபோது ஜாக்கா கூறியதாகப் போர் வரலாற்றாசிரியர் சார்லஸ் பீன் பதிவுசெய்யும் விடையில், எதிரிகளைக் குறிக்க வரும் சொல்லின் நேர்ப்பொருள் பிச்சைக்காரர் என்பது. அக்காலத்து அச்சுநூல்களில் அது பெரும்பாலும் கொச்சையான வேறொரு சொல்லுக்கு இட்ட முக்காடு. அகராதியை மட்டும் நம்பிப் பெயர்த்தால் இரவலர் கூட்டம் ஒன்று அகழிக்குள் வந்து நிற்கும். அந்தப் பயல்கள் என்பதைப் போன்ற ஒரு வழக்கே அங்குப் பொருந்தும். அதிலும் மூலத்தின் காரம் பாதியே வரும்.

பொசியேர்

விக்டோரியா கிராஸ் அறிவிப்பு 1915 ஜூலையில் வெளிவந்ததும் ஜாக்கா ஆஸ்திரேலியாவெங்கும் அறியப்பட்டவரானார். அப்போரில் முதல் விக்டோரியா கிராஸ் பெறும் ஆஸ்திரேலியருக்கெனச் செல்வர் ஜான் ரென் அறிவித்திருந்த 500 பவுனும் தங்கக் கைக்கடிகாரமும் அவருக்குச் சேர்ந்தன. களத்தில் பதவி உயர்வுகளும் விரைந்து வந்தன. ஆகஸ்டு முதல் நவம்பருக்குள் அவர் கார்ப்பரல், சார்ஜண்ட், கம்பெனி சார்ஜண்ட் மேஜர் ஆகிய நிலைகளை எட்டினார். எகிப்தில் அலுவலர் பயிற்சி முடித்து, 1916 ஏப்ரலில் செகண்ட் லெப்டினண்ட் ஆனார். ஜூனில் பட்டாலியன் பிரான்சை அடைந்தது.

சொம் போரின் ஒரு பகுதியான பொசியேர் குன்றில் ஆறு வாரங்களில் ஆஸ்திரேலியர் இழந்தோர், காயமுற்றோரையும் சேர்த்து, ஏறத்தாழ 23,000 பேர். ஆகஸ்டு 7 அதிகாலை, இரவெல்லாம் நீடித்த பீரங்கித் தாக்குதலுக்குப் பின், ஜெர்மானியர் ஆஸ்திரேலிய முன்வரிசையைக் கடந்து உள்ளே புகுந்தனர். ஜாக்காவும் அவருடைய ஆட்களும் பதுங்குகுழிக்குள் இருந்தனர். வாயில் வழியே உருட்டிவிடப்பட்ட குண்டில் இருவர் இறந்தனர். ஜாக்கா படிகளில் மேல்நோக்கிச் சுட்டுக்கொண்டே வெளியேறினார். பின்தொடர்ந்தோர் ஏழெட்டுப் பேரே. மேலே வந்து பார்த்தபோது எதிரிகள் அவர்களுக்குப் பின்னால் இருந்தனர். வலப்புறம் இருந்த 48ஆம் பட்டாலியனைச் சேர்ந்த சுமார் 40 பேரைச் சிறைப்படுத்தி, ஜெர்மானியர் தம் வரிசையை நோக்கி நடத்திக்கொண்டு வந்தனர்.

ஜாக்கா தம் சிறுகுழுவை அக்கூட்டத்தின் குறுக்கே பாய்ச்சினார். சிறைப்பட்டவர்கள் காவலர்மீதே திரும்பினர். சுற்றிலும் சிதறிக்கிடந்த ஆஸ்திரேலியர் ஓடிவந்து சேர்ந்துகொண்டனர். திறந்த வெளியில் ஆளோடு ஆள் மோதிய கைச்சண்டை அது. முடிவில் வரிசை மீட்கப்பட்டது, கைதிகள் விடுதலையாயினர், 50 ஜெர்மானியர் பிடிபட்டனர். ஜாக்காவின் உடலில் ஏழு காயங்கள். ஒரு குண்டு தோளருகே உடலைத் துளைத்துச் சென்றிருந்தது, தலையிலும் காயம். செப்டம்பர் 8 அன்று லண்டன் நாளிதழ்கள் அவர் இறந்துவிட்டதாகவே செய்தி வெளியிட்டன. அம்மாதம் 29ஆம் நாள் அவர் விண்ட்சர் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரிடமிருந்து விக்டோரியா கிராஸைப் பெற்றுக்கொண்டார்.

பொசியேர்ச் செயலுக்குக் கிடைத்தது மிலிட்டரி கிராஸ், அதாவது அதைவிடத் தாழ்ந்த விருது. பீன் தம் அதிகாரபூர்வ வரலாற்றில், ஆஸ்திரேலியப் படையின் வரலாற்றிலேயே தனியொருவரின் துணிவு இவ்வளவு பயன் விளைத்த நிகழ்ச்சி வேறில்லை என்னும் பொருள்பட மதிப்பிடுகிறார். சான்றுரையோ அவர் தம் பிளாட்டூனை வழிநடத்தி, வலப்புறப் பட்டாலியனை எதிர்த்தாக்கிய பெருந்தொகையான எதிரிகளைத் தாக்கினார் எனத் தொடங்குகிறது. அடுத்து வருபவை எழுவாயற்ற நிகழ்ச்சிகள்: எதிரிகள் விரட்டப்பட்டனர், கைதிகள் சிலர் மீட்கப்பட்டனர், 50 பேர் பிடிபட்டனர், அவரும் காயமுற்றார்.

இங்குச் செயப்பாட்டு வினையின் வேலையைக் கவனிக்க வேண்டும். முதல் சான்றுரையில் பிறர் செய்தவையும் ஜாக்காவின் வினைகளாயின. இதில் ஜாக்கா செய்தவையும் எவருடைய வினையும் அல்லாதனவாயின. பிளாட்டூன் என்னும் சொல் ஏறத்தாழ ஐம்பது பேர் கொண்ட பிரிவை நினைவூட்டும். படியேறி வந்தவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். பதுங்குகுழியும் உருண்டுவந்த குண்டும் ஏழு காயங்களும் உரையில் இல்லை. சாதாரண வீரன் தனித்து நின்றால் வீரன். அலுவலர் தம் பிரிவை நடத்தினால் கடமை செய்தவர். விருதுமொழியின் இலக்கணத்தில் பதவியும் ஓர் உருபு போலவே பொருளை மாற்றுகிறது. செகண்ட் லெப்டினண்ட் ஆனதால்தான் இரண்டாம் விக்டோரியா கிராஸ் தவறியது என உறுதிபடக் கூறவியலாது. ஆனால் சான்றுரை எழுதப்பட்ட முறை அவ்வையத்திற்கு இடமளிக்கிறது; தோழர்கள் பலர் கடைசிவரை அவ்வாறே நம்பினர்.

தமிழில் இச்சான்றுரையைப் பெயர்ப்பவருக்குச் செய்வினையாக மாற்றும் விழைவு இயல்பாகவே எழும். தமிழ் உரைநடை செயப்பாட்டு வினையை ஆங்கிலம் அளவுக்கு விரும்புவதில்லை. எதிரிகளை விரட்டினார், கைதிகளை மீட்டார் என எழுதினால் வாக்கியம் நன்றாக ஓடும். மூலம் மறுத்த புகழை மொழிபெயர்ப்பு வழங்கிவிடும். நடைக்கு நல்லதாகவும் ஆவணத்துக்குப் பொய்யாகவும் அமையும் இத்தகைய மாற்றங்கள் கண்ணில் படாமலே நிகழ்வன.

புல்லெகூர்

1917 மார்ச்சில் கேப்டன் ஆன ஜாக்கா பட்டாலியனின் உளவு அலுவலராகப் பணியாற்றினார். ஏப்ரலில் புல்லெகூர் அருகே ஜெர்மானியரின் புதிய அரண்வரிசையைத் தாக்கத் திட்டமிடப்பட்டது. பனி படர்ந்த நிலம். முள்வேலியைத் தகர்க்கும் பீரங்கித் தாக்குதல் இன்றி, டாங்கிகளை நம்பிச் செல்வது திட்டம். ஏப்ரல் 8 இரவு வெட்டவெளியைக் கடந்து வேலி வரை சென்று பார்த்துவந்த ஜாக்கா, நிலைமையை மேலதிகாரிகளுக்கு அறிவித்தார். மீண்டும் சென்று, தாக்கும் படைக்கு வழிகாட்டும் வெள்ளை நாடாக்களைத் தரையில் விரிக்கும் பணியை மேற்பார்த்தார். பணி முடியும் தறுவாயில் இரண்டு ஜெர்மானியர் எதிர்ப்பட்டனர். நாடாக்களைக் கண்டுவிட்டால் முழுப்படையின் நிலையும் வெளிப்பட்டுவிடும். கைத்துப்பாக்கி வெடிக்கவில்லை. ஜாக்கா பாய்ந்து இருவரையும் கையால் பிடித்தார்.

அவரது மிலிட்டரி கிராஸுக்கு ஒரு பட்டை, அதாவது அதே விருது இரண்டாம் முறை, இதன்பின் கிடைத்தது. சான்றுரையில் உளவு பார்த்தது, பயனுள்ள தகவல் கொணர்ந்தது, படையினரை உரிய இடத்துக்கு வழிகாட்டியது ஆகியவை உள்ளன. இருவரையும் பிடித்த செய்தி இல்லை.

ஏப்ரல் 11 அன்று தாக்குதல் நடந்தது. டாங்கிகள் பழுதாகியும் வழிதவறியும் பயனற்றுப்போயின. சென்ற 4ஆம் பிரிகேடினர் ஏறத்தாழ 3,000 பேரில் 2,339 பேர் கொல்லப்பட்டோ காயமுற்றோ சிறைப்பட்டோ போயினர். டாங்கிகளின் செயல்பாட்டைக் கடுமையாகக் குறைகூறி ஜாக்கா அறிக்கை எழுதினார். சான்றுரைகளின் மொழிக்கு முற்றிலும் மாறானது அது. யார் எங்கே தவறினர் என எழுவாயோடு பேசுவது. மேலிடத்துக்கு அது உவப்பளிக்கவில்லை. கேப்டன் பதவிக்கு மேல் அவர் உயரவில்லை. அவ்வாண்டு ஜூலையில் ஒரு குறிசுடுநரின் குண்டால் காயமுற்றார். செப்டம்பர் 26 அன்று பாலிகன் காட்டுத் தாக்குதலில் பங்கேற்றார். 1918 மே மாதத்தில் வில்லே-பிரெத்தொன்னோ அருகே நச்சுவாயுவால் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். அத்துடன் அவரது போர்ப்பணி முடிந்தது.

பெயரின் பயன்கள்

களத்தில் அவர் இருந்த காலத்தில் தாயகத்தில் அவருடைய பெயர் வேறொரு போரில் ஈடுபடுத்தப்பட்டது. 1917இல் விளையாட்டு வீரர்களைப் படைக்கு அழைத்த சுவரொட்டியில் அவரது உருவம் இடம்பெற்றது. கட்டாய இராணுவச் சேவை குறித்து ஆஸ்திரேலியாவில் 1916 அக்டோபர் 28 அன்றும் 1917 டிசம்பர் 20 அன்றும் இருமுறை மக்கள் கருத்து கேட்கப்பட்டது. இரு முறையும் மறுப்பே வென்றது. கட்டாயச் சேவையை ஆதரித்தோர் ஜாக்காவின் பெயரைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள முயன்றபோது, தந்தை நத்தானியேல் வெளிப்படையாக அதை எதிர்த்து நின்றார். அவருடைய வேறு இரு புதல்வர்களும் அப்போது படையில் இருந்தனர். எண்பது சொல் சான்றுரை ஒன்றால் பொதுச்சொத்தாகிவிட்ட பெயரை ஒரு கூலித் தொழிலாளி திரும்பக் கேட்ட நிகழ்ச்சி அது.

1919 அக்டோபரில் நாடு திரும்பிய ஜாக்காவுக்கு மெல்போர்னில் பெருங்கூட்டம் வரவேற்பளித்தது. பழைய தோழர் இருவருடன் சேர்ந்து மின்சாதன இறக்குமதி வணிகம் தொடங்கினார். 1921இல் மணம்புரிந்தார். செயிண்ட் கில்டா நகரவையின் உறுப்பினராக 1929இல் தேர்வாகி, மறு ஆண்டு நகரத் தலைவரானார். அது பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். வேலையற்றோருக்கு உதவுவதே அப்பதவியில் அவரது பணியாயிற்று. அதே 1930இல் அவருடைய சொந்த நிறுவனம் மூடப்பட்டது. சவர்க்காரக் குழுமம் ஒன்றின் விற்பனைப் பயணியாக அவர் வேலைக்குச் சென்றார். காயங்களாலும் நச்சுவாயுவாலும் நலிந்திருந்த உடல் நீண்டநாள் தாங்கவில்லை. 1931 டிசம்பரில் கால்ஃபீல்டு இராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1932 ஜனவரி 17 அன்று சிறுநீரக நோயால் இறந்தார். வயது 39. ஆயிரக்கணக்கானோர் அவர் உடலுக்கு அஞ்சலி செலுத்தினர். பேழையைச் சுமந்த எண்மரும் விக்டோரியா கிராஸ் பெற்றவர்கள். செயிண்ட் கில்டா இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். கோர்ட்னி நிலைக்கு அளிக்கப்பட்ட பதக்கம் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளது.

மறு ஆண்டு, 14ஆம் பட்டாலியனில் பணியாற்றிய ஈ. ஜே. ரூல் அப்படையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பில் ஜாக்காவின் பெயரை அடுத்து வரும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் அகராதிகள் கும்பல் எனத் தரும். கும்பல் என்றால் கலகக்காரர் நினைவுக்கு வருவர். ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் அச்சொல் ஆட்டு மந்தைக்கும் மாட்டு மந்தைக்கும் உரியது. அதிலிருந்து ஒருவர் தம்மவர் எனக் கருதும் கூட்டத்துக்கும் வழங்குவது. அவமதிப்பு அதில் இல்லை, உரிமை உண்டு. அதிகாரபூர்வ ஆவணங்களில் 14ஆம் பட்டாலியன் என இருந்ததைப் படையினர் வழங்கிய பெயர் அது. ஜாக்காவின் ஆட்கள் எனப் பெயர்த்தால் அவர் தலைவராகிவிடுகிறார். ஜாக்காவின் படை எனில் அவர் தளபதியாகிவிடுகிறார். அவர் அப்பட்டாலியனுக்கு ஒருநாளும் தலைமையேற்றவர் அல்லர். ஜாக்காவின் கூட்டத்தார் என்பது மூலத்துக்கு அணுக்கமானது. கூட்டம் என்பது கொங்குநாட்டில் குலப்பிரிவையும் குறிக்கும் என்பதால் உறவின் சாயலும் அதில் ஓரளவு வந்து சேர்கிறது.